பணம் தராத ஏடிஎம்: செல்லுக்கு ‘நில்’ சொல்லும் புரதம்

ஏடிஎம் என்றதும் கை பர்ஸைத் தேடும். இந்த ஏடிஎம் நம் செல்களுக்குள்ளேயே இருக்கிற ஒரு புரதம். டிஎன்ஏ அறுந்துபோனால் செல்லை உஷார்படுத்துவது இதன் வேலை.

டிஎன்ஏவில் சின்னச் சின்னச் சேதங்கள் ஒவ்வொரு செல்லிலும் தினமும் ஆயிரக்கணக்கில் நடக்கும். பெரும்பாலும் சத்தமில்லாமல் சரியாகிவிடும். நூலேணியின் இரண்டு கயிறும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் ஆபத்து. கதிர்வீச்சு அதைச் செய்யும். அறுந்த முனையை வேறொரு புரதக் குழு கண்டுபிடித்து ஏடிஎம்மைத் தட்டி எழுப்பும். எழுந்த ஏடிஎம், நூற்றுக்கணக்கான புரதங்கள் மேல் பாஸ்பேட் என்ற வேதி முத்திரையைக் குத்தும். முத்திரை விழுந்ததும் சில புரதங்கள் ரிப்பேருக்கு ஆள் கூட்டும். செக்2, பி53 போன்றவை செல் பிரிவதற்கு பிரேக் போடும். ரிப்பேருக்கு வழியே இல்லை என்றால், அந்தச் செல்லைச் சாக வைப்பதும் பி53தான்.

ஏடிஎம் இல்லாவிட்டால்? பெயரிலேயே பதில் இருக்கிறது. அட்டாக்சியா என்றால் தள்ளாட்டம். டெலாஞ்சிக்டேசியா என்றால் வெள்ளை விழியில் சிவப்பாகத் தெரியும் விரிந்த ரத்தநாளங்கள். கடைசி ‘எம்’, மரபணு பழுதானதைக் குறிக்கிறது. காவலாளி வராத நாளில் நடந்த திருட்டின் பெயரையே காவலாளிக்கு வைத்த கதை!

இந்த நோயுள்ள குழந்தைகள் நடை பழகும்போதே தள்ளாடுவார்கள். பத்து வயதையொட்டிப் பலருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படும். நுரையீரல் தொற்று அடிக்கடி வரும். ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் அபாயமும் மிக அதிகம். கொடுமை என்னவென்றால், 1960களின் பிற்பகுதியில், புற்றுநோய்க்காக வழக்கமான அளவு கதிர்வீச்சு கொடுத்தபோது, இக்குழந்தைகளின் உடல் அதைத் தாங்கவில்லை.

ரிப்பேர் வேலைதான் சரியில்லையோ என்று தோன்றும். 1980இல் ராபர்ட் பெயின்டரும் பார்பரா யங்கும் வேறொன்றைக் காட்டினார்கள். கதிர்வீச்சு பட்டதும் சாதாரண செல் டிஎன்ஏவை நகலெடுக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நோயாளிகளின் செல்லோ, ஒன்றுமே நடக்காததுபோல நகலெடுத்துக்கொண்டே போகிறது. நிற்கத் தெரியாததும் இந்த நோயின் ஒரு பகுதி என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த மரபணுவைக் கண்டுபிடிக்க மேலும் 15 வருடம் பிடித்தது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யோசெஃப் ஷிலோ தலைமையிலான குழு, 11ஆவது குரோமோசோமில் இருந்த அதை 1995இல் அடையாளம் கண்டது.

அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குழந்தைக்கு இந்த நோய் வரும். இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் திருமணம் செய்யும்போது, இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்குத் தள்ளாட்டம் வராது. ஆனால் பெண்களாக இருந்தால், மார்பகப் புற்றுநோய் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு.

கண்ணில் சிவப்பு தெரியச் சில வருடங்கள் ஆகும். அதுவரை பெருமூளை வாதம் என்று தவறாக நினைப்பதும் உண்டு. இரண்டு வயது தாண்டியும் தள்ளாட்டம் குறையாத குழந்தைக்கு ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனை துப்பு கொடுக்கும். இந்த நோயில் அதன் அளவு பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். மரபணுப் பரிசோதனை உறுதிசெய்யும். நோயைக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால், தேவையில்லாத எக்ஸ்-ரே, சிடி ஸ்கேன்களையாவது தவிர்க்கலாம்.