தட்டைப் பரப்பில் ஓவியம்: மஜ்ஜோலினியின் மரமும் விசாகப்பட்டினத்தின் தந்தமும்

மேல்சித்தாமூர்ச் சமணக் கோயில் தேர் முதலான தமிழகத் தேர்களில் மரத்தின் அழகு செதுக்கலால் பிறக்கிறது. மரப் பரப்பைத் தட்டையாகவே வைத்து, வேறு நிறப் பொருளால் அதில் உரு அமைப்பது பிறிதொரு மரபு. அது இருவகைப்படும். பள்ளம் வெட்டித் தந்தமோ வேறு மரமோ பொருத்துவது உட்பதிப்பு. மெல்லிய தகடுகளை அறுத்து, படமாக இணைத்து, அடிமரத்தின் மீது ஒட்டுவது மேலொட்டு.

மேலொட்டில் தலைசிறந்தவராகக் கருதப்படுபவர் மிலான் அருகே பராபியாகோவில் வாழ்ந்த ஜுசெப்பே மஜ்ஜோலினி (1738–1814). கிரேக்க, உரோமானிய வடிவங்களை மீட்டெடுத்த புதுச்செவ்வியல் பாணியில், நேர்கோட்டு அமைப்புடைய இழுப்பறைப் பெட்டிகளையும் மேசைகளையும் அவர் செய்தார். லெவாத்தி, அப்பியானி போன்ற ஓவியர்கள் வரைவுகள் அளித்தனர். ஓவியரின் நிழலையும் ஒளியையும் அவர் பெரும்பாலும் மரங்களின் இயல்பான நிறத்தாலேயே காட்டினார். வரைவு பிறருடையதாயினும் பெயர் தச்சருக்கே நிலைத்தது. பட்டறையின் வரைபடங்கள் மிலானில் ஸ்ஃபோர்சா கோட்டையில் பாதுகாக்கப்படுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

அதே நூற்றாண்டில், சென்னை மாகாணத்தின் வடபகுதியிலிருந்த விசாகப்பட்டினத்தில் கம்சாலிக் கைவினைஞர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்காக நாற்காலி, மேசை, பெட்டி ஆகியவற்றைச் செய்தனர். முதலில் கருங்காலி, ஈட்டி போன்ற மரங்களில் தந்தத்தை உட்பதித்தனர். நூற்றாண்டின் பிற்பகுதியில் அடிமரம் முழுவதையும் தந்தத் தகட்டால் போர்த்தும் முறை பெருகியது. தந்தம் ஒரே நிறமுடையது; ஆகவே நிழலைக் கோட்டால்தான் காட்டியாக வேண்டும். தகட்டில் நுண்கோடுகளைக் கீறி, அவற்றில் கருநிற அரக்கை நிரப்பினர். ஐரோப்பிய அச்சுப்படங்களிலிருந்த மாளிகைகள் இவ்வாறு தந்தத்தில் இடம்பெற்றன. மஜ்ஜோலினி தூரிகையின் சாயலை மரமாக மாற்ற வேண்டியிருந்தது. இங்கோ அச்சுக்கோடு மீண்டும் கோடாகவே அமைந்தது.

இதனை வெறும் படியெடுப்பு எனல் பொருந்தாது. நடுப்படம் ஐரோப்பாவினுடையது, ஆனால் அதைச் சூழ்ந்தோடும் பூங்கொடி விளிம்பு சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளுக்கு நெருக்கமானது. பொருளின் வடிவத்தையும் நடுப்படத்தையும் மட்டும் நோக்குவோர் இவற்றை ஆங்கிலப் பாணியின் கிளையாகவே வகைப்படுத்துவர். செய்தவர் பெயர் பொறிக்கப்படாத இப்பொருள்களில், ஆய்வு அவ்விளிம்பிலிருந்து தொடங்குவதே முறையாகும்.