‘கடலூர்’ என்று எழுதிய பழைய போட்டோ: அந்தக் கல்லறை எங்கே இருக்கிறது?

கறுப்பு வெள்ளை போட்டோ. மூன்று பக்கமும் பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல். அடியில் ‘கல்லறை, கடலூர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் அது கடலூரில்தான் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது.

ஏன் இந்தக் குழப்பம்?

ஆங்கிலேயர் காலத்தில் தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகரம் கடலூர். சிதம்பரம், திருக்கோவிலூர், செஞ்சி எல்லாமே அதற்குள்தான் இருந்தன. விழுப்புரம் மாவட்டம் 1993-லும், கள்ளக்குறிச்சி 2019-லும்தான் தனியாகப் பிரிந்தன. அதனால் பழைய குறிப்பில் ‘கடலூர்’ என்று இருந்தால், அது மாவட்டத்தின் எந்த மூலையாகவும் இருக்கலாம்.

மண்ணே சொல்லும் சாட்சி

கடலூர், சிதம்பரம் கடற்கரைப் பக்கம் வண்டல் மண்ணும் மணலும்தான். பலகைக் கல் வெட்ட அங்கே பாறை ஏது? கல் கிடைக்காத இடங்களில் இறந்தவர்களைப் பெரிய மண் தாழிகளில் வைத்துப் புதைத்தார்கள். பண்ருட்டி அருகே மருங்கூரில் முதுமக்கள் தாழிகளும் தமிழி எழுத்து பொறித்த பானை ஓடுகளும் கிடைத்துள்ளன. மாநிலத் தொல்லியல் துறை 2024-ல் அங்கே அகழாய்வைத் தொடங்கியது.

கல்லறைகள் நிறைய இருப்பது மேற்கே, பாறைப் பகுதியில். விழுப்புரம் மாவட்டம் உடையார்நத்தத்தில் மனித உருவத்தில் நிற்கும் பெருங்கல் அதற்கு ஓர் உதாரணம்.

போட்டோவில் எதைப் பார்ப்பது?

* தரைக்கு மேலே நின்றால் கல்திட்டை. மண்ணுக்குள் புதைந்திருந்தால் கற்பதுக்கை. சுற்றிலும் உருண்டைக் கற்கள் இருந்தால் கல்வட்டம்.
* ஒரு பலகையில் வட்டமான துளை இருக்கிறதா? அதற்குப் பெயர் இடுதுளை. பல இடங்களில் அது கிழக்குப் பக்கம் இருக்கும். நிழலோடு ஒப்பிட்டால் திசையை ஊகிக்கலாம்.
* கற்கள் உளியால் செதுக்கித் தூண் போல இருந்தால் உஷார்! அது பிற்கால மண்டபத்தின் மிச்சமாக இருக்கலாம்.
* பின்னணியில் மலை தெரிகிறதா? அதன் விளிம்பை செயற்கைக்கோள் வரைபடத்தின் முப்பரிமாணக் காட்சியோடு பொருத்திப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் படத்தை இடவலமாகத் திருப்பியும் பாருங்கள். கண்ணாடி நெகட்டிவை மாற்றி வைத்து அச்சிட்ட படங்களும் உண்டு.

ஒன்று மட்டும் போட்டோவால் முடியாது. கல்லறையின் வயதைச் சொல்ல அகழாய்வும் ஆய்வகப் பரிசோதனையும் வேண்டும்.

எதற்கு இவ்வளவு மெனக்கெடணும்?

குவாரிக்கும் உழவுக்கும் வீட்டு மனைக்கும் பல கல்வட்டங்கள் காணாமல் போய்விட்டன. ஓர் இடம் அழிந்துவிட்டால், அங்கே கல்லறை இருந்ததற்குப் பழைய படம் மட்டுமே சாட்சியாக நிற்கும். ஊர் பெயர் தெரியாத படத்தை வைத்து எந்த இடத்தையும் பாதுகாக்கக் கேட்க முடியாது.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் இப்படி ஒரு படம் இருந்தால், பின்பக்க எழுத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். தாத்தா, பாட்டியிடம் ‘இது எந்த ஊர்?’ என்று கேட்டு எழுதி வையுங்கள். கடலூர் அரசு அருங்காட்சியகத்திலோ தொல்லியல் துறையிலோ காட்டலாம். கல்லறையையே நேரில் பார்க்க நேர்ந்தால் கல்லை நகர்த்தாதீர்கள், தோண்டாதீர்கள். படம் எடுத்து, இருப்பிடத்தைக் குறித்துத் தகவல் கொடுங்கள். அதுவே போதும்.