ரத்தம் சிந்தாத நாட்கள்

1992 மே 31. போஸ்னியாவின் வடமேற்கில் உள்ள ப்ரியெடோர் நகர வானொலியில் ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. செர்பியர் அல்லாதவர்கள் தங்கள் வீட்டில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும். வெளியே வரும்போது கையில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். படுக்கை விரிப்புகள் சன்னல்களில் தொங்கின. அங்கே செர்பியர், குரோவாசியர், முஸ்லிம்கள் மூவரும் பேசியது ஒரே மொழி. ஒரே தெருவில் குடியிருந்தார்கள், ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தார்கள். பெயரைக் கேட்டால்தான் யார் எந்த இனம் என்று தெரியும். அன்று முதல் பெயரைக் கேட்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது.

அந்த நாட்களிலேயே ஒமார்ஸ்காவின் இரும்புச் சுரங்க வளாகமும் கெராடெர்ம் ஓட்டுத் தொழிற்சாலையும் ட்ரனோபோல்யே பள்ளிக்கூடமும் தடுப்பு முகாம்களாயின. காவல் நின்றவர்களில் கைதிகளுக்கு முன்பே தெரிந்த உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். சுமார் 1,12,000 பேர் வாழ்ந்த அந்த வட்டாரத்தில் 3,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 102 பேர் குழந்தைகள்.

இதைக் கேட்டதும் "பல நூற்றாண்டுப் பகை, ஒருநாள் வெடித்துவிட்டது" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் தி ஹேக் நகரின் போர்க்குற்றத் தீர்ப்பாயம் பல ஆண்டுகள் திரட்டிய ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. அந்தக் கதையில் கூட்டக் குறிப்புகள் இருக்கின்றன, சுற்றறிக்கைகள் இருக்கின்றன, தேதிகள் இருக்கின்றன. போஸ்னியப் போர் தானாக வெடிக்கவில்லை. அதைக் கட்டினார்கள். கட்டிய நாட்களில் பெரும்பாலானவை ரத்தம் சிந்தாத நாட்கள்.

போஸ்னியா உட்பட ஆறு குடியரசுகள் சேர்ந்த நாடு யூகோஸ்லாவியா. 1980 மே 4 அன்று அதன் நெடுநாள் அதிபர் டீட்டோ இறந்தபோது நாட்டின் தலையில் இருபது பில்லியன் டாலர் அளவுக்கு வெளிநாட்டுக் கடன் ஏறிக்கொண்டிருந்தது. 1989இல் பணவீக்கம் ஆயிரம் சதவீதத்தைத் தாண்டியது. சேமிப்பு கரைந்தது, ஆலைகள் முடங்கின. ஆட்சியாளர்கள் மீது திரும்பியிருக்க வேண்டிய கோபத்தைப் பக்கத்து இனத்தின் மீது திருப்பிவிட அரசியல்வாதிகள் கற்றுக்கொண்டார்கள். செர்பியாவின் ஸ்லோபோதான் மிலோசெவிச் 1987இல் கொசோவோவுக்குப் போய் அங்குள்ள செர்பியரின் காவலராகத் தன்னை நிறுத்திக்கொண்டார். 1989 ஜூன் 28இல், 600 ஆண்டுகளுக்கு முன் நடந்த கொசோவோ யுத்தத்தின் நினைவு நாளில், லட்சக்கணக்கானோர் திரண்ட மேடையிலிருந்து ஆயுதப் போராட்டத்துக்கும் வாய்ப்புண்டு என்று குறிப்புக் காட்டினார்.

தொலைக்காட்சியும் செய்தித்தாள்களும் இரண்டாம் உலகப் போரின் எலும்புக் குழிகளை மீண்டும் திறந்து காட்டின. அந்தக் காயம் பொய்யல்ல. 1941 முதல் 1945 வரை குரோவாசிய உஸ்தாஷா ஆட்சி செர்பியர்களைப் பெரும் எண்ணிக்கையில் கொன்றது. ப்ரியெடோரை ஒட்டிய கோஸரா மலை மக்களும் 1942இல் யாசெனோவாட்ஸ் போன்ற முகாம்களுக்கு ஓட்டிச் செல்லப்பட்டார்கள். அந்த உண்மைத் துயரத்தின் பழியை, அது நடந்தபோது பிறந்திருக்கவே இல்லாத அண்டைவீட்டுக்காரர் மீது சுமத்தியதில்தான் பொய் இருக்கிறது.

1990 நவம்பரில் போஸ்னியாவில் பல கட்சித் தேர்தல் நடந்தது. இனத்துக்கு ஒன்றாக மூன்று கட்சிகள் நின்றன. 240 இடங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அவையே வென்றன. அடுத்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது: முஸ்லிம்கள் 43.5, செர்பியர் 31.2, குரோவாசியர் 17.4 சதவீதம். எந்த இனத்துக்கும் பெரும்பான்மை இல்லை. சேர்ந்து ஆள்வதற்கு அந்தக் கணக்கே நல்ல காரணம். ஆனால் தலைவர்கள் அதை நிலத்தைப் பங்குபோடும் கணக்காகப் படித்தார்கள்.

இனி நடந்ததைத் தேதிவாரியாகப் பார்க்க வேண்டும். 1991 ஆகஸ்டில், போஸ்னியாவில் போர் தொடங்க ஏழெட்டு மாதம் இருக்கும்போதே, கோஸரா மலை மீதிருந்த தொலைக்காட்சிக் கோபுரத்தை ஓர் ஆயுதக் குழு கைப்பற்றியது. ப்ரியெடோர் வீடுகளில் போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் ஒளிபரப்பு நின்றது. செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் ஒளிபரப்பு வந்தது. அதே சோபா, அதே பெட்டி. செய்தி மட்டும் மாறியது. அக்டோபரில் போஸ்னிய நாடாளுமன்றத்தில் செர்பியக் கட்சித் தலைவர் ரதோவான் கராட்ஜிச், சுதந்திரப் பாதையில் போனால் முஸ்லிம் மக்கள் அழிந்துபோகவும் நேரலாம் என்று எச்சரித்தார். மனநல மருத்துவரும் கவிஞருமான அவர் அதை நாடறிய, மேடையில் நின்றே சொன்னார். அதே மாதம் அவர் கட்சி தனி நாடாளுமன்றம் அமைத்தது. டிசம்பர் 19இல் கட்சிக் கிளைகளுக்கு ரகசியச் சுற்றறிக்கை போனது: செர்பியர் பெரும்பான்மையாக உள்ள ஊர்களில் எப்படி நிர்வாகத்தைப் பிடிப்பது, சிறுபான்மையாக உள்ள ஊர்களில் எப்படிப் பிடிப்பது என்று இரண்டு வழிமுறைகள். 1992 ஜனவரி 9இல் தனிக் குடியரசு அறிவிப்பு. ப்ரியெடோரில் இணை நகரசபையும் ரகசியக் காவல் அமைப்பும் உருவாயின.

மற்ற தரப்புகளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. குரோவாசியக் கட்சி 1991 நவம்பரில் ஹெர்ட்செக்-போஸ்னா என்ற தனி அமைப்பை அறிவித்தது. முஸ்லிம் தரப்பும் ஆயுதம் சேர்த்தது. ஆனால் பலம் சமமாக இல்லை. பீரங்கிகளும் டாங்கிகளும் பெல்கிரேடின் பக்கம் சாய்ந்துவிட்ட யூகோஸ்லாவிய ராணுவத்திடம் இருந்தன. 1991 செப்டம்பரில் ஐ.நா. விதித்த ஆயுதத் தடை அந்த ஏற்றத்தாழ்வை அப்படியே உறைய வைத்தது. இதை வெறும் உள்நாட்டுப் போர் என்று சொன்னால் போஸ்னியர் பலர் ஏற்காததற்குக் காரணம், எல்லைக்கு அப்பாலிருந்து வந்த இந்தப் படையும் பணமும்தான்.

1992 பிப்ரவரி 29, மார்ச் 1 தேதிகளில் சுதந்திரத்துக்கான பொது வாக்கெடுப்பு நடந்தது. செர்பியரில் பெரும்பாலோர் புறக்கணித்தனர். வாக்களித்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆதரித்தனர். மார்ச் 1 அன்றே சரயேவோவில் ஒரு செர்பியக் கல்யாண ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் இறந்தார். மறுநாள் விடிந்தபோது நகரமெங்கும் தடுப்பரண்கள். ஏப்ரல் 5இல் எல்லா இன மக்களும் சேர்ந்து அமைதி கோரித் தெருவில் இறங்கினார்கள். அன்று வ்ர்பானியா பாலத்தில் இரண்டு பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் ஹாலிடே இன் விடுதியிலிருந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். அதே நாளில் ஐரோப்பியச் சமூகம் போஸ்னியாவைத் தனி நாடாக அங்கீகரித்தது. போருக்கு எதிராக நின்றவர்கள் அன்று எண்ணிக்கையில் குறைவில்லை. ஆனால் அவர்கள் தெருவுக்கு வந்தபோது காவல் துறை பிளந்திருந்தது, ஆயுதக் கிடங்குகள் கைமாறியிருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. 1984இல் குளிர்கால ஒலிம்பிக் நடத்திய சரயேவோ 1,425 நாட்கள் முற்றுகையில் கிடந்தது. சறுக்குவண்டிப் பாதை ஓடிய ட்ரெபெவிச் மலை பீரங்கி மேடையானது. ஒலிம்பிக் அரங்கை ஒட்டிய மைதானம் இடுகாடானது. 1992 ஆகஸ்டில் தேசிய நூலகம் எரிந்தபோது கருகிய தாள்கள் நகரத்தின் மேல் மழைபோல் விழுந்தன. 1993இல் நேற்றுவரை கூட்டாளிகளாக இருந்த குரோவாசியரும் முஸ்லிம்களும் தங்களுக்குள் மோதினர். அந்த மோதலில் 1566இல் கட்டிய மோஸ்டார் பாலம் நவம்பர் 9 அன்று ஆற்றில் விழுந்தது. 1995 ஜூலையில், ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில், 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். மூன்றரை ஆண்டுகளில் மொத்தம் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தனர். மக்களில் பாதிப் பேர் வீடிழந்தனர். இறந்த பொதுமக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போஸ்னிய முஸ்லிம்கள். தி ஹேக்கில் மூன்று தரப்பிலும் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்கள். கராட்ஜிச்சின் தண்டனை 2019இல் ஆயுள் தண்டனையாக உயர்த்தப்பட்டது.

1995 நவம்பர் 21இல் அமெரிக்காவின் டேட்டனில் எட்டிய உடன்படிக்கை துப்பாக்கிகளை நிறுத்தியது. பிரிவினையை அது சட்டமாகவும் எழுதிவைத்தது. ஒரு நாட்டுக்குள் இரண்டு நிர்வாகங்கள். இனத்துக்கு ஒருவராக மூன்று அதிபர்கள். யூதரோ ரோமா இனத்தவரோ அந்தப் பதவிக்குப் போட்டியிடவே முடியாது. அது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்த பிறகும் பல தேர்தல்கள் பழைய விதிப்படியே நடந்தன. சில ஊர்களில் ஒரே பள்ளிக் கட்டடத்துக்குள் இரண்டு இனக் குழந்தைகள் தனித்தனி வாசலில் நுழைந்து தனித்தனிப் பாடத்திட்டம் படிக்கிறார்கள். போர் பிரித்ததைச் சமாதானம் இன்னும் சேர்க்கவில்லை.

ஆகவே எந்த நாட்டில் இருந்தாலும் கண் வைத்திருக்க வேண்டிய தருணங்களைப் போஸ்னியா பட்டியலிட்டுத் தந்திருக்கிறது. ஓர் ஊருக்குச் செய்தி எங்கிருந்து வருகிறது என்பது சத்தமில்லாமல் மாறும்போது. ஒரு மக்கள் கூட்டம் இல்லாமல் போகும் என்று சபையில் ஒருவர் பேசி, மறுநாளும் மரியாதையோடு உள்ளே வரும்போது. சட்டத்துக்குக் கட்டுப்படாத ஆயுதக் குழுவைக் காவல் துறை பார்த்தும் பாராமல் இருக்கும்போது. ஒரே ஊரில் இரண்டாவது சபையும் இரண்டாவது காவலும் முளைக்கும்போது. வீடுகளையும் பெயர்களையும் பிரித்து எழுதிய பட்டியலை அதிகாரி அல்லாத ஒருவர் கையில் வைத்திருக்கும்போது. இவற்றில் எதிலும் பிணம் விழாது. அதனால்தான் இவை முதல் பக்கச் செய்தி ஆவதில்லை.

1992 ஏப்ரல் 30 விடிவதற்குள் ப்ரியெடோரின் நகரசபை, காவல் நிலையம், வானொலி எல்லாம் கைமாறின. ஒருவரும் சாகவில்லை. ரத்தம் சிந்தாத ஆட்சி மாற்றம் என்றே தீர்ப்பாயமும் பதிவு செய்திருக்கிறது. ஒரு மாதம் கழித்து அந்த வானொலியில்தான் வெள்ளைத் துணி அறிவிப்பு வந்தது. இப்போது ஒவ்வொரு மே 31ஆம் தேதியும் மக்கள் கையில் வெள்ளைப் பட்டை கட்டி அந்த நகரத் தெருவில் நடக்கிறார்கள். கொல்லப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு நினைவுச் சின்னம் கேட்டு வந்திருக்கிறார்கள். மலைமேல் கோபுரம் கைமாறிய நாளுக்கும் அந்த அறிவிப்புக்கும் இடையே ஒன்பது மாத அவகாசம் இருந்தது. தடுக்க முடிந்திருந்தால் அதற்குள்தான் முடிந்திருக்கும். அதன்பின் அந்த மக்களிடம் மிஞ்சியது, விரிப்பைக் கிழித்துச் சன்னலில் கட்டும் வேலை மட்டுமே.