பெட்டியின் பின்பக்கம் ஏன் சுருங்குகிறது?

ஓவியம் பழகுகிறவர்களை ஏன் பெட்டி பெட்டியாக வரையச் சொல்கிறார்கள்? பெட்டியில் பிசகு ஒளிய முடியாது. முகத்தில் மூக்கு சாய்ந்தால் ‘அவர் அப்படித்தான்’ என்று சமாளிக்கலாம்!

தூரம் இரட்டித்தால், கண்ணில் விழும் உருவம் ஏறக்குறைய பாதியாகும். அதனால் இணையான விளிம்புகள் தள்ளிப்போகப் போக நெருங்குகின்றன. நீட்டினால் ஒரே புள்ளியில், அதாவது மறைபுள்ளியில், கூடுகின்றன. இந்த வடிவியலை இத்தாலியின் ஆல்பர்ட்டி 1435இல் நூலாகவே எழுதினார். ஆனால் மூளை தூரத்தைக் கணக்கிட்டு அளவைத் திருத்திக்கொள்கிறது. முன்பக்கமும் பின்பக்கமும் சமம் என்று அதற்குத் தெரியும். புதியவரின் கை அந்த அறிவைத்தான் வரைகிறது, கண் கண்டதை அல்ல. சிலருக்குப் பின்பக்கம் அகன்றேகூடப் போகும்.

பெட்டிக்கு 12 விளிம்புகள்; திசைக்கு நான்காக மூன்று கூட்டம். வெறுங்கையால் வரைந்துவிட்டு, ஸ்கேலும் வேறு நிறப் பேனாவும் எடுத்து ஒவ்வொரு கூட்டத்தையும் பின்நோக்கி நீட்டுங்கள். நான்கும் ஒரே இடத்தை நோக்காவிட்டால், எந்தக் கோடு ஏமாற்றியது என்று அங்கேயே தெரிந்துவிடும். தாளுக்கு இணையாக நிற்கும் விளிம்புகள் மட்டும் கூடுவதில்லை. மறைபுள்ளிகளை மிக நெருக்கி வைத்தாலோ, விதிப்படி வரைந்தும் பெட்டி பிதுங்கும். மூக்கருகே பிடித்துப் பார்க்கும் பெட்டியின் கோணம் அது.