விரல் சூப்பும் பிள்ளைக்குப் பல் ஏன் மிதக்கிறது?

நுகேகொடையில் பிள்ளையின் பல்வரிசை பிசகினால் தாய் தகப்பன் முதலில் கேட்பது கம்பி. சில வைத்தியர்களோ நாக்குக்கும் உதட்டுக்கும் பயிற்சி சொல்கிறார்கள். ஏன்?

பல் எலும்பில் அறைந்த ஆணி அல்ல. உள்ளே நாக்கும் வெளியே உதடும் சொக்கும் தள்ள, சமநிலை கிடைக்கும் இடத்தில் அது நிற்கும். எவ்வளவு பலமாக என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதே முக்கியம். விழுங்கும்போது நாக்கு பல்லை அழுத்துவது ஏறக்குறைய ஒரு செக்கன். நாள் முழுதும் கூட்டினாலும் சில நிமிடங்களே. வாய் திறந்தபடி இருக்கும் பிள்ளைக்கோ நாக்கு மணிக்கணக்கில் கீழே கிடக்கிறது. தாங்க ஆளில்லாத மேல்தாடையைச் சொக்கு ஒடுக்கிவிடும். விரல் சூப்பினாலும் இதே கதைதான்: விரல் நெடுநேரம் தள்ளத் தள்ள முன்பல் மிதக்கும்.

1918இல் அமெரிக்கரான அல்பிரட் ரோஜர்ஸ் தசைப் பயிற்சியைப் பல் சீரமைப்போடு இணைத்து எழுதினார். இன்றும் அடிப்படை இதுதான்: நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால், உதடு மூடி, மூச்சு மூக்கால். நூல் கட்டிய பொத்தானை உதட்டுக்குள் பிடித்து இழுக்கும் பயிற்சி பிள்ளைகளுக்கு விளையாட்டு.

தாடை எலும்பே பிசகியிருந்தால் பயிற்சி மட்டும் போதாது. போதும் என்று விளம்பரம் செய்வோரை நான் நம்பமாட்டேன். மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்ட் சதை வீங்கி மூக்கடைத்தால் முதலில் காது மூக்கு தொண்டை வைத்தியர். ஏழு வயதுக்குள் ஒருமுறை கொழும்பு வார்ட் பிளேஸ் அரச பல் வைத்தியசாலையில் காட்டிவிடுங்கள்.