அன்று இடித்த தளம், இன்று வார்க்கும் தளம்

மயிலாப்பூரிலோ தஞ்சாவூரிலோ நூறு வயதைத் தாண்டிய மாடி வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். கம்பியும் கிடையாது, கான்கிரீட்டும் கிடையாது. வரிசையாகத் தேக்குச் சட்டங்கள் ஓடும். சில வீடுகளில் பனஞ்சட்டங்கள். அவற்றின் மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில் நிறுத்தி, கோணல் வரிசையாகச் சுண்ணாம்புக் காரையில் பதித்திருப்பார்கள். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பொறியாளர்கள் சொன்ன தளம் இதுதான்.

கண்ணுக்குத் தெரியாத வேலை அதற்கும் மேலே. உடைத்த செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கனமாகப் பரப்புவார்கள். பெண்கள் வரிசை கட்டி உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் இடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை இடையிடையே தெளிப்பார்கள். கட்டை பதியாமல் எகிறித் தெறிக்கும்வரை இடி நிற்காது. பிறகு தட்டோடு பதித்தால் மழைக்குத் தளம் தயார்.

அந்த வீடுகள் பூமியைக் காக்க வேண்டும் என்று கட்டப்பட்டவை அல்ல. செங்கல் சூளைக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் விறகு எரிந்தது. தேக்குக்காகப் பர்மாக் காடுகள் வரை கை நீண்டது. ஆனால் சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு. சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுண்ணாம்புக் கல் சுடப்படும்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேறும். காரையாகச் சுவரில் ஏறிய பின், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல வாங்கித்தான் அது மறுபடி கல்லாக இறுகும். விறகின் புகை திரும்பாது. கல் விட்ட புகையில் பெரும்பகுதி திரும்பும். மற்றபடி அந்தக் காலத்துச் சிக்கனத்தின் காரணம் எளிது. எரிப்பதும் சுமப்பதும் செலவு பிடித்தன, ஆள் கூலி மலிவாக இருந்தது. அந்த மலிவைச் சுமந்தவர்கள் கட்டை பிடித்த பெண்கள்.

சிமெண்ட் இந்த ஊருக்கு நேற்று வந்ததல்ல. 1904-லேயே சென்னையில் கடல் கிளிஞ்சல்களைக் கொண்டு சிமெண்ட் செய்து பார்த்தார்கள். 1930-களில் மதுக்கரையிலும் டால்மியாபுரத்திலும் ஆலைகள் எழுந்தன, 1949-இல் தாழையூத்தில். ஆனாலும் வெகுகாலம் அது பெர்மிட் சரக்கு. வீடு கட்டுகிறவர் மனு போட்டு, அளந்து கொடுத்த மூட்டைகளை வாங்கிவந்தார். அதனால் தளத்துக்கு மட்டும் சிமெண்ட், சுவருக்குச் சுண்ணாம்பு என்று பங்கு பிரித்த வீடுகள் உண்டு. 1982-இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989-இல் முழுதும் நீங்கியது. அதோடு பங்கு பிரிக்கும் பழக்கமும் போனது.

இன்று காலையில் மிக்ஸர் சுற்றத் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் ஆயிரம் சதுர அடித் தளம் வார்த்து முடிந்துவிடும். கரையான் பயமில்லை, மேலே இன்னொரு மாடியும் எழுப்பலாம். ஓலைக் கூரைக்குக் கீழே தீயையும் புயலையும் அஞ்சிக் கிடந்த குடும்பங்களுக்குக் கான்கிரீட் தளம் பெரிய விடுதலை. அதைக் குறை சொல்லிவிட்டுப் பழமை பாடுவது நியாயமில்லை.

கணக்கை மட்டும் பார்த்துவிடுவோம். சிமெண்டின் உயிர் கிளிங்கர். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 டிகிரியில் சுட்டு அதைச் செய்கிறார்கள். வெளியேறும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வருவது. எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. வேறெதுவும் கலக்காத 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 40 கிலோ. ஆயிரம் சதுர அடியில் ஐந்து அங்குலத் தளத்துக்கு 80 மூட்டை என்று வைத்தால், கம்பியைச் சேர்க்காமலே 3.2 டன்.

இதைக் குறைக்கும் வழி கடையிலேயே இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலை 35 சதவீதம் வரை கலந்த பி.பி.சி. சிமெண்ட். கட்டுமான இடத்தில் கேட்டால், “ரூஃபுக்கு 53 கிரேடுதான் சார், சாம்பல் சிமெண்ட் வேணாம்” என்பார் மேஸ்திரி. அவருடைய சந்தேகத்தில் பாதி உண்மை: பி.பி.சி. மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். சென்ட்ரிங்கை அவசரமாகப் பிரிக்க முடியாது. 7 நாளோடு தண்ணீர் கட்டுவதை நிறுத்தாமல் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும். காத்தால், நாளடைவில் இன்னும் நெருக்கமான, நீர் புகாத கான்கிரீட் கிடைக்கும். நிலக்கரி குறைந்தால் சாம்பலும் குறையும் என்பதற்கும் ஏற்பாடு நடக்கிறது. சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக் கல்லையும் கலந்து கிளிங்கரைப் பாதியாக்கும் எல்.சி.3 சிமெண்ட் ஆய்வில் சென்னை ஐ.ஐ.டி.க்கும் பங்கு உண்டு. அதற்கான இந்தியத் தர நிர்ணயம் 2023-இல் வந்துவிட்டது.

கான்கிரீட்டையே குறைக்கவும் வழி உண்டு. தளத்தின் அடிப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட் பெரும்பாலும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்தார். ஆரோவில்லின் பார்வையாளர் மையம் இன்னும் ஒரு படி மேலே போனது. சிறிதளவு சிமெண்ட் சேர்த்து அழுத்திய மண் கற்களால் வளைவும் குவிமாடமுமாக எழுந்த அந்தக் கட்டடம் 1992-இல் ஹசன் ஃபாத்தி விருது பெற்றது.

நம்முடைய ஆயிரம் சதுர அடிக்கு வருவோம். 30 சதவீதம் சாம்பல் கலந்த சிமெண்ட் வாங்கினால் 3.2 டன் ஏறத்தாழ 2.2 ஆகும். பொறியாளரின் கணக்குப்படி ஓடு பதித்து ஐந்தில் ஒரு பங்கு கான்கிரீட்டை மிச்சப்படுத்தினால் 1.8-க்கு இறங்கும். யாரும் கட்டை பிடித்து இடிக்க வேண்டாம், தேக்குக்குக் காடு தேட வேண்டாம். அன்று சிக்கனத்தைக் கற்றுக்கொடுத்தது விலை. இன்று மூட்டையின் விலையில் அந்த 40 கிலோவுக்குக் கணக்கில்லை. அதனால் எஸ்டிமேட் போடும்போது மணல், ஜல்லி, கம்பி, கூலிக்குக் கீழே இன்னொரு வரியை வீட்டுக்காரர்தான் கேட்டு எழுத வைக்க வேண்டும்.