சீனியர் கைகொடுக்காதபோது

மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவர் முதல் ஓராண்டில் கற்கவேண்டியவற்றில் பெரும்பகுதி எந்தப் பாடப்புத்தகத்திலும் இருப்பதில்லை. எந்த சர்வரைத் தொடக்கூடாது, எந்தக் கோப்பில் கைவைத்தால் வேறு எது உடையும், எந்த வாடிக்கையாளருக்காக எந்த விதிவிலக்கு எழுதப்பட்டது என்பதெல்லாம் அந்த டீமில் பல ஆண்டு இருந்தவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அதனால் ஜூனியரின் வளர்ச்சி ஒரு சீனியரின் கையில் போய் நிற்கிறது. டவுட் கேட்டால் முகம் சுளிப்பவராகவும், அனுப்பிய செய்திக்கு நாள் கணக்கில் பதில் போடாதவராகவும், பத்துப் பேர் இருக்கும் மீட்டிங்கில் குத்திக்காட்டுபவராகவும் அந்த சீனியர் அமைந்துவிட்டால், புதியவரின் தன்னம்பிக்கை சில வாரங்களிலேயே ஆட்டம் கண்டுவிடும்.

வாணியம்பாடி போன்ற ஊரிலிருந்து கிளம்பிப் போகிறவர்களுக்கு இதன் சுமை இன்னும் கூடுதல். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது தோல் தொழில். டேனரியில் வேலைக்குச் சேரும் பையனுக்கு அப்பாவோ மாமாவோ பக்கத்துத் தெரு மேஸ்திரியோ யாராவது ஒருவர் முன்பே தெரிந்தவராக இருப்பார். சுண்ணாம்பில் ஊறிய தோலைக் கையால் தொட்டுப் பார்த்து, இது போதும், இது இன்னும் ஊறவேண்டும் என்று அவர் சொல்லச் சொல்லப் பையனுக்கும் அந்தக் கை வந்துவிடும். 1919இல் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரியிலோ சுற்றுவட்டாரத்துப் பொறியியல் கல்லூரியிலோ படித்துவிட்டுச் சென்னை ஓ.எம்.ஆருக்கோ பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிக்கோ போகிறவருக்கு அப்படி ஒரு கை கிடைப்பதில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர் யாருமில்லை. வீட்டில் பேசுவது தமிழ் அல்லது உருது. அலுவலக மின்னஞ்சலோ ஆங்கிலம். அந்தப் புது உலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வாசல் அந்த சீனியர். அதுவும் சாத்தப்பட்டால், குறை தன்னிடம்தான் என்று நினைத்துக்கொள்கிறார்.

அந்த நினைப்பு பல சமயம் தவறு. ஒரு சீனியர் உதவாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. எது காரணம் என்று தெரிந்தால்தான் எதைச் செய்வது என்று முடிவெடுக்க முடியும்.

நான்கு காரணங்கள்

முதல் காரணம், நேரம். ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரிய மென்பொருள் திட்டமொன்றை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ், 1975இல் வெளிவந்த தம் நூலில் ஒரு விதியைச் சொன்னார்: ஏற்கெனவே தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை, ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களின் தலையில் விழுவது இதற்கு அவர் காட்டிய முக்கியக் காரணங்களில் ஒன்று. இன்றைக்கும் நிலைமை அதுதான். சீனியருக்கு முடிக்கவேண்டிய டிக்கெட்டுகள் இருக்கும். ரிலீஸ் தேதி நெருங்கும். ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு மணி நேரம் பல இடங்களில் அப்ரைசலில் எங்கேயும் கணக்கில் வராது. இத்தகைய சீனியரின் எரிச்சல் ஜூனியரின் மேல் விழுகிறதே தவிர, அதன் வேர் வேலை பிரிக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது.

இரண்டாவது, தெரிந்ததை விளக்கத் தெரியாமை. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளின் தாளத்தைச் சிலர் மேசையில் விரலால் தட்டினார்கள். மற்றவர்கள் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்கவேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டப்பட்ட 120இல் சரியாகச் சொல்லப்பட்டவை 3 மட்டுமே. தட்டுபவரின் தலைக்குள் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கு வெறும் டொக்கு டொக்கு சத்தம்தான் கேட்கிறது. பத்து ஆண்டு அனுபவம் உள்ள டெவலப்பர், "அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணி கேஷை கிளியர் பண்ணு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நகர்வதும் இப்படித்தான். எந்த சர்வீஸ், எந்த கேஷ் என்பது கேட்பவருக்குத் தெரியாது என்பதே அவருக்குத் தோன்றுவதில்லை.

மூன்றாவது, பயம். தமக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கும்வரை தம் நாற்காலி பத்திரம் என்று நினைக்கிறவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. ஆட்குறைப்புச் செய்தி வரும்போதெல்லாம் இந்தப் பயம் கூடுகிறது. தெரிந்ததைப் புதியவருக்குக் கைமாற்றும் கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) என்று பெயருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு முக்கியமானதைச் சொல்லாமல் விடுவது இதன் அடையாளம்.

நான்காவது, கெட்ட எண்ணம். மட்டம் தட்டுவது, ஜூனியர் செய்த வேலையைத் தம் பெயரில் காட்டிக்கொள்வது, ஊரையும் உச்சரிப்பையும் மதத்தையும் சாதியையும் வைத்துக் கேலி செய்வது எல்லாம் இதில் சேரும். முதல் மூன்றுக்கும் வழிமுறையால் தீர்வு காணலாம். நான்காவதற்கு அது போதாது, புகார்தான் வழி.

கேட்கும் முறை

முதலிரண்டு வகை சீனியர்களிடம், கேள்வியை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். "சார், கோடு ஓடல, என்ன பண்றதுன்னு தெரியல" என்று வரும் செய்திக்குப் பதில் சொல்ல, சீனியர் தம் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கவேண்டும். அதனால் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவிடுகிறார். அதே சிக்கலை இப்படி எழுதலாம்: "லாகின் ஆன பிறகு ஆர்டர் பக்கம் 401 பிழை காட்டுகிறது. ஸ்டேஜிங் சர்வரில் மட்டும்தான் வருகிறது. அதே டோக்கனைப் போஸ்ட்மேனில் போட்டால் வேலை செய்கிறது. ரீடைரக்ட் ஆகும்போது டோக்கன் இருக்கும் ஹெடர் விழுந்துவிடுகிறதோ என்று சந்தேகம். இந்தத் திசை சரியா?" இதற்கு "ஆமாம், ப்ராக்ஸி செட்டிங்கைப் பார்" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிடலாம். எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, இதுவரை பார்த்தது என்ன, சந்தேகம் எங்கே என்ற நான்கும் ஒரு கேள்வியில் இருந்தால் போதும். அப்படி எழுத உட்காரும்போதே பல சமயம் விடை தானாகக் கிடைத்துவிடும். மேசைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, அதனிடம் கோடை வரி வரியாக விளக்கிச் சொன்னால் பிழை பிடிபடும் என்று 1999இல் வெளிவந்த ‘தி பிராக்மாட்டிக் புரோகிராமர்’ நூல் சொல்வதற்கும் அடிப்படை இதுதான்.

ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவருக்கு எழுத்தில் கேட்பது இன்னொரு வகையிலும் உதவும். யோசித்து, திருத்தி அனுப்பலாம். டீமில் எல்லாருக்கும் தமிழ் தெரியும் என்றால் தமிழில் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

எவ்வளவு நேரம் தானே முயல்வது என்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். ஐந்து நிமிடத்தில் கேட்டால் முயலவில்லை என்று பெயர் வரும். இரண்டு நாள் கேட்காமல் இருந்தால் டீமின் வேலையே நின்றுவிடும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் முயன்றுவிட்டுக் கேட்பது பெரும்பாலான டீம்களில் பொருந்தும். அவசரமில்லாத டவுட்டுகளைச் சேர்த்துவைத்து, "நாளைக்கு மூன்று மணிக்குப் பதினைந்து நிமிடம் கிடைக்குமா?" என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது, அடிக்கடி போய் நிற்பதைவிட நல்ல வழி. சொல்லிக்கொடுத்ததைக் குறித்துவைத்து, அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்காமல் இருப்பது மரியாதையும்கூட.

ரிவியூவில் வரும் வார்த்தைகள்

எழுதிய கோடை சீனியர் பார்த்துக் கருத்துச் சொல்லும் ரிவியூதான் பல ஜூனியர்கள் உடைந்துபோகும் இடம். நாற்பது குறைகள் எழுதி வந்தால் "எனக்கு எதுவுமே வராது" என்று தோன்றும். அந்த நாற்பதையும் பிரித்துப் பார்க்கவேண்டும். எத்தனை நிஜமான பிழை, எத்தனை டீமின் எழுத்துமுறை, எத்தனை அவரவர் விருப்பம் என்று பிரித்தால், நிஜமான பிழை சிலதான் என்று பெரும்பாலும் தெரியவரும். "இது சரியில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால், "எந்தச் சூழலில் இது தவறும் என்று ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?" என்று அமைதியாகக் கேட்பது ஜூனியரின் உரிமை.

கடுஞ்சொல் திறமைக்கு உரம் என்ற வாதம் இந்தத் துறையில் நெடுங்காலம் இருந்தது. 1991இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பிறருடைய கோடைக் கடுமையாகத் திட்டுவதற்குப் பேர்போனவர். 2018 செப்டம்பரில் அவரே தம் நடத்தைக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் விலகியிருந்தார். அதே சமயத்தில் லினக்ஸ் கெர்னல் திட்டம் ஒரு நடத்தை விதிமுறையையும் ஏற்றது. அக்டோபரில் அவர் திரும்பி வந்தார். லினக்ஸின் தரம் எங்கேயும் குறைந்துவிடவில்லை. கூகிள் நிறுவனம் 2019இல் பொதுவில் வெளியிட்ட ரிவியூ வழிகாட்டியும் கருத்து கோடைப் பற்றி இருக்கவேண்டும், எழுதியவரைப் பற்றி இருக்கக்கூடாது என்கிறது.

ஒருவரை மட்டும் நம்பாமல்

கற்றல் ஒரே மனிதரின் மனநிலையை நம்பி நிற்கக்கூடாது. இந்தச் சிக்கலில் ஜூனியர் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டியது இதுவே. மூன்றாம் வகை சீனியரிடம் மாட்டியவருக்கு இது இன்னும் பொருந்தும். அவர் சொல்லாததைச் சொல்லும் சாட்சிகள் டீமுக்குள்ளேயே உண்டு. கோடில் செய்த மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் வரலாற்றைப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் எப்போது, யாரால், எந்த டிக்கெட்டுக்காக மாறியது என்று தெரியும். மூடப்பட்ட பழைய டிக்கெட்டுகளில் எந்தக் கோளாறு எப்படிச் சரிசெய்யப்பட்டது என்று இருக்கும். டெஸ்ட் கோப்புகள் ஒரு நிரல் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லும். பக்கத்து டீமில் இருப்பவர், டெஸ்டிங் பிரிவில் இருப்பவர், ஓராண்டுக்கு முன் சேர்ந்த இன்னொரு ஜூனியர் ஆகியோரிடம் சீனியரிடம் இல்லாத பொறுமை இருக்கலாம். இப்படித் திரட்டியதை டீமின் பொது ஆவணத்தில் எழுதிவைத்தால், அடுத்து வருபவருக்கு வழி கிடைக்கும். எழுதியவரின் பெயரும் மேனேஜரின் கண்ணில் படும்.

நிறுவனத்துக்கு வெளியிலும் கைகள் உண்டு. 1998 முதல் இயங்கிவரும் சென்னை லினக்ஸ் பயனர் குழு, பைதான் மொழிக்கான சென்னைபை குழு, விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு போன்றவற்றில் அனுபவசாலிகள் புதியவர்களோடு கட்டணமில்லாமல் பேசுகிறார்கள். 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இணைய இதழ் மென்பொருள் நுட்பங்களைத் தமிழிலேயே விளக்குகிறது. வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் போய் ஓ.எம்.ஆரிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்க்கிறவர்கள் வார இறுதியில் ஊருக்கு வருகிறார்கள். அவர்களில் ஓர் அண்ணனையோ அக்காவையோ தேடிப்பிடித்து மாதம் ஒருமுறை பேசினால் போதும், பல குழப்பங்கள் தெளியும். வெளியாட்களிடம் பேசும்போது நிறுவனத்தின் கோடையோ வாடிக்கையாளர் தகவலையோ காட்டாமல் இருப்பது மட்டும் முக்கியம்.

எல்லை மீறும்போது

இவ்வளவு செய்தும் நிலைமை மாறவில்லை என்றால் மேனேஜரிடம் போகவேண்டும். "அவர் நல்லவர் இல்லை" என்பது புகாராக எடுபடாது. "இந்த டிக்கெட்டில் இன்ன தேதியில் இந்தக் கேள்வி கேட்டேன், நான்கு நாள் பதில் இல்லை, அதனால் வேலை இவ்வளவு தள்ளிப்போனது, வேறு யாரிடம் கேட்கலாம்?" என்பது எடுபடும். இதற்காகத் தேதி, கேள்வி, பதில், விளைவு என்று ஒரு குறிப்பேட்டை முதலிலிருந்தே வைத்திருப்பது நல்லது. புரொபேஷன் காலத்தில் வாய் திறந்தால் வேலை போய்விடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஆறு மாதம் கழித்து வேலை முடியாமல் நிற்கும்போது காரணம் சொல்வதைவிட, இரண்டாம் மாதமே சொல்வது பாதுகாப்பானது.

கேலியும் அவமதிப்பும் தொடர்ந்தால் மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எல்லா நிறுவனத்திலும் உள் புகார்க் குழு இருந்தாகவேண்டும். பாதிக்கப்பட்ட பெண் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் அக்குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை அவகாசம் தரலாம்.

தூக்கம் கெடுகிறது, ஞாயிறு மாலையானாலே வயிறு கலங்குகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்ற நிலை வந்தால் அதைப் பலவீனம் என்று ஒதுக்கக்கூடாது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். டீம் மாற்றம் கேட்டும் கிடைக்கவில்லை என்றால் வேறு வேலை தேடுவதும் சரியான முடிவே. கையில் இன்னோர் ஆஃபர் வந்தபிறகு, ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தைப் படித்துப் பார்த்துவிட்டுப் பேப்பர் போடுவது நல்லது. தோல்வி என்று வீட்டில் நினைப்பார்களோ என்ற தயக்கத்தில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளவேண்டியதில்லை.

நிறுவனத்தின் பங்கு

எல்லாச் சுமையையும் ஜூனியரின் தோளில் ஏற்றுவது நியாயமில்லை. ஹார்வர்டு பேராசிரியை ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல காரணம். தவறை ஒளிக்காமல் சொன்னார்கள். கேள்வி கேட்டாலும் தவறை ஒப்புக்கொண்டாலும் அவமானம் வராது என்ற நம்பிக்கை குழு கற்பதற்கு அடிப்படை என்று 1999இல் அவர் எழுதினார். கூகிள் 2012இல் தொடங்கித் தன் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுவுக்கான அடையாளங்களில் முதலிடம் பெற்றதும் அந்த நம்பிக்கைதான்.

சொல்லிக்கொடுப்பதையே ஒரு வேலையாக மதிக்கும் நிறுவனங்களும் தமிழ்நாட்டில் உண்டு. ஸோஹோ நிறுவனம் 2004இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில், கல்லூரிப் பட்டம் இல்லாத மாணவர்களுக்கும் உதவித்தொகை கொடுத்துக் கற்பித்து வேலைக்கு எடுக்கிறார்கள். அங்கே கற்பிப்பது ஓய்வு நேரத்தில் செய்யும் தயவல்ல. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு துணையாளை நியமித்து, அதற்கான நேரத்தைத் திட்டத்திலேயே ஒதுக்கி, அப்ரைசலில் அதற்கு மதிப்பெண் வைத்தால் முதல் வகைச் சிக்கல் பெருமளவு மறையும். நியூயார்க்கில் புரோகிராமர்கள் கூடிக் கற்கும் ரிகர்ஸ் சென்டரில், "இதுகூடத் தெரியாதா?" என்று வியப்பதுபோல் நடிக்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. எந்த டீமும் பைசா செலவில்லாமல் நாளையே எடுத்துக்கொள்ளக்கூடிய விதி அது. இன்றைய ஜூனியர் இரண்டு மூன்று ஆண்டில் சீனியர் ஆவார். அன்றைக்குத் தம்மிடம் வரும் புதியவரிடம் அந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே, இந்தச் சிக்கல் அந்த டீமில் அடுத்த ஆளுக்குப் போகாது.